மாமன் மச்சான் சண்டைக்கு டிக்கெட்

"விளம்பர வண்டியை நிறுத்தச் சொல்லு, அக்கா. இப்பவே போன் பண்ணி..."

"முதல்ல செருப்பைக் கழட்டிட்டு உள்ள வா. இப்பதான் துடைச்சேன்..."

"ஊரே கேட்டுட்டு இருக்கு, நீ தரையைப் பத்தி..."

"கேக்கட்டும்னுதானே அனுப்பினேன். கேக்காம இருக்கறதுக்கா வண்டி மேல ரெண்டு ஸ்பீக்கர் குழாய் கட்டியிருக்கோம்? போன வாரம் நீ உங்க மாமாவை மாட்டு வண்டின்னு சொன்னதை ஊர் கேக்கலையா..."

"அது நீ எழுதிக் கொடுத்தது..."

"படிச்சது யாரு? சிரிச்சுக்கிட்டே படிச்சியே..."

"அக்கா, ஒரு நிமிஷம் வாயை மூடு."

அக்கா மூடினாள். தம்பி அவளிடம் இப்படிப் பேசுகிறவன் இல்லை. போஸ்டர் ஒட்டுவதற்காக அடுப்பில் பசை கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டியைப் பிடித்தபடியே திரும்பிப் பார்த்தாள். அவன் சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தான். பாதித் தெருவை ஓடியே வந்திருக்க வேண்டும்.

"மாமா அதுல ஒண்ணு சொல்றார்ல? 'போன சீசன் கடைசி ரேஸ்ல, கடைசி வளைவுல, நான் ஆக்சிலேட்டர்லேர்ந்து காலை எடுத்தேன், அதனாலதான் உன் கையில கப்பு வந்துச்சு, இந்தத் தடவை எடுக்க மாட்டேன்'னு. அது நீ எழுதினதா?"

ஆமாம் என்று சொல்லிவிடேன் என்று அந்தக் குரல் கெஞ்சியது. அக்காவின் காதுக்கு அது எட்டவில்லை. வெற்றி பெற்ற விளம்பரக்காரியின் காது அது. பாராட்டை மட்டும்தான் பிடிக்கும்.

"நான் எங்க எழுதினேன்? நான் எழுதினதைத்தான் உங்க மாமா ரேஷன் கடையில பேர் படிக்கிற மாதிரி படிச்சாரே. காரம் பத்தல, இன்னும் கொஞ்சம் காரமா சொல்லுங்கன்னு நச்சரிச்சேன். கடைசியில அவரா ஒண்ணு எடுத்து விட்டார் பாரு, நானே அசந்துட்டேன். இந்த மனுஷனுக்கு இவ்வளவு நடிக்கத் தெரியும்னு இத்தனை நாளா எனக்கே தெரியாது."

தம்பி நிலையில் சாய்ந்துகொண்டான்.

"மாமாவுக்கு நடிக்கத் தெரியாது, அக்கா."

சொல்லிவிட்டு வெளியே போனான். பட்டப்பகலில், முன்வாசல் வழியாக. அவன் அந்த வீட்டின் முன்வாசலைத் தொட்டு எத்தனையோ வாரமாகிவிட்டது.

பசை அடிப்பிடித்த பிறகுதான் அக்காவுக்கு உறைத்தது.

நேற்றுவரை இந்தச் சண்டை வெறும் விளையாட்டாகத்தான் இருந்தது. ஊருக்கு வெளியே கார் பந்தய மைதானம். ஒரு காலத்தில் உட்கார இடமில்லாமல் நின்றவர்கள், இப்போது கால் நீட்டிப் படுத்துக்கொண்டு பார்க்கும் அளவுக்குக் கேலரி காலி. மைதானத்து முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். சீசனின் முதல் ரேஸுக்கும் கூட்டம் வராவிட்டால், இடம் குடோன் கட்டப் போய்விடும். கூட்டம் சேர்க்கும் வேலையை எடுத்துக்கொள்ள யாரும் முன்வராததால் அது அக்காவின் தலையில் விழுந்தது. மைதானத்து மைக்கில் பேசுகிறவளும் அவள்தான். புருஷன் அங்கே கார் ஓட்டுகிறான். தம்பி அங்கே கார் ஓட்டுகிறான். அம்மா டிக்கெட் கொடுக்கிறாள். மைதானம் மூடினால் அந்தக் குடும்பத்தில் எல்லோரும் ஒரே நாளில் வீட்டுக்குள் உட்கார வேண்டியதுதான்.

போஸ்டர் ஒட்டிப் பார்த்தாள், நோட்டீஸ் கொடுத்துப் பார்த்தாள். ஜனங்கள் நோட்டீஸை வாங்கிக் கை துடைத்துக்கொண்டார்கள். பிறகுதான் அந்த யோசனை வந்தது. "வேகத்தைத்தான் தினம் ரோட்டுல பார்க்கறாங்களே, அதுக்கு யாரு டிக்கெட் வாங்குவா? ஜனங்களுக்குச் சண்டை வேணும்" என்றாள். சொந்தப் புருஷனையும் கூடப் பிறந்த தம்பியையும் ஊருக்கு முன்னால் ஜென்ம விரோதிகளாக்கினாள்.

மைதானத்தில் அவள் புருஷனுக்கு நிதானம் என்று பெயர். தம்பிக்கு அவசரம். ஓட்டுகிற விதத்தைப் பார்த்து மெக்கானிக்குகள் வைத்தது. நிதானமா, அவசரமா என்று குழாய் கட்டிய வண்டி தெருத்தெருவாகக் கேட்டது. ஊர் இரண்டு கட்சியானது. அக்கா சட்டம் போட்டாள். ரேஸ் முடிகிறவரை இரண்டு பேரும் வெளியில் சிரித்துப் பேசக்கூடாது. டீக்கடையில் எதிரெதிரே நின்று முறைக்க வேண்டும். சலூனில் ஒருத்தர் இருந்தால் மற்றவர் வாசலிலேயே நிற்க வேண்டும். சாப்பிடுவது என்னவோ ஒரே மேஜையில்தான். சாப்பிட்டு முடித்ததும் நிதானம் முன்வாசல் வழியாகப் போவான், தம்பி பின்வாசல் வழியாகப் போவான்.

வண்டிக்கு வேண்டிய வசனங்களை வீட்டிலேயே பதிவு செய்தாள். எதிரொலி வராமல் இருக்க, துணி தொங்கும் அலமாரிக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டு பேச வேண்டும். முதல் தடவை இரண்டு பேரையும் சேர்த்து நிற்க வைத்தாள். அலமாரிக்குள்ளிருந்து சிரிப்பைத் தவிர எதுவும் வரவில்லை. அதன் பிறகு தனித்தனியாகத்தான் பதிவு.

அதனால்தான் நிதானம் பேசியதைத் தம்பி இன்று காலை தெருவில் கேட்க வேண்டியதாயிற்று.

அக்கா மைதானத்துக்குப் போனபோது டிக்கெட் வரிசை கேட்டைத் தாண்டி, சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டி, ரோட்டில் வளைந்து நின்றது. ரேஸ் நாளைக்குத்தான்.

ஜன்னலுக்குள் அம்மா வியர்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நீங்க எந்தக் கட்சி?" என்று கேட்டான் டிக்கெட் வாங்கிய ஒருவன்.

"ரெண்டு பேருக்கும் சோறு போடறவ நான். சீக்கிரம் நகரு."

"அவங்களுக்குள்ள நெஜமாவே ஆகாதா?"

அம்மாவுக்குப் பொய் வராது. அதற்காக மகள் திட்டுவாள் என்றும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் ஒன்றைத் தேடி எடுத்தாள். "இன்னிக்குக் காலையிலகூட ஒரே துண்டுக்கு ரெண்டு பேரும் இழுத்துக்கிட்டு நின்னாங்க."

"பார்த்தியா, துண்டுக்கே அடிதடி" என்று பின்னால் நின்றவனிடம் அவன் சந்தோஷமாகச் சொன்னான்.

மேனேஜர் ஓடி வந்தார். அவர் ஓடி அக்கா பார்த்ததே இல்லை. "என்னம்மா போட்டீங்க அந்த வண்டியில? வர்றவன் எல்லாம் கடைசி வளைவுப் பக்கம் இடம் கொடுங்கறான். அந்தக் கேலரி முடிஞ்சு போச்சு. அங்க டயர் அடுக்கின சுவரை ஒட்டி வாடகை நாற்காலி போடச் சொல்லியிருக்கேன். நாளைக்கு நிதானம் ஆக்சிலேட்டர்லேர்ந்து காலை எடுக்கறாரா இல்லையான்னு கண்ணால பார்க்கணுமாம். முதலாளியே வந்து கியூவைப் பார்த்தார். அங்கேயே நின்னுக்கிட்டு குடோன்காரருக்கு போன் போட்டு, இப்போதைக்கு வர வேணாம்னுட்டார்."

இந்த வார்த்தைக்காகத்தான் அவள் எத்தனையோ நாள் தொண்டை கட்டிக் கிடந்தாள். வந்தபோது, சரிங்க என்று மட்டும் சொல்ல முடிந்தது.

அம்மா ஜன்னல் வழியாகவே மகள் முகத்தைப் படித்துவிட்டாள். "என்னடி, இவ்வளவு கூட்டம் வந்திருக்கு, நீ ஊசி போட்டுக்கப் போறவ மாதிரி நிக்கறே?"

"தம்பி இந்தப் பக்கம் வந்தானாம்மா?"

"வரலையே. மாப்பிள்ளை உள்ள ஷெட்ல இருக்கார். ரெண்டு பேரும் நெஜமாவே ஏதாவது...?"

"நீ டிக்கெட் கொடும்மா."

ஒதுங்கி நின்று வண்டி டிரைவருக்கு போன் செய்தாள்.

"சொல்லுங்க அக்கா. செம ரெஸ்பான்ஸ். அந்த வரி வந்தா ஜனங்க அப்படியே நின்னுடறாங்க. திரும்பப் போடு, திரும்பப் போடுன்னு டீ வாங்கிக் கொடுக்கறாங்க. இன்னிக்குக் குடிச்ச டீக்கு எனக்கு ரெண்டு நாள் தூக்கம் வராது."

"அந்த ஒரு வரியை மட்டும் விட்டுட்டுப் போட முடியுமா?"

"அதை விட்டா மிச்சம் என்ன அக்கா இருக்கு? மைதானத்துக்கு வழி சொல்றதுதான் இருக்கு."

நிறுத்திடு என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. கண் எதிரே வரிசை இன்னும் கொஞ்சம் நீண்டது. ஒரு குடும்பம் குழந்தைகளோடு வந்து கடைசியில் சேர்ந்துகொண்டது.

"நான் திரும்பக் கூப்பிடறேன்" என்றாள்.

திரும்பக் கூப்பிடவில்லை.

ஷெட்டில் காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. இடது சாக்ஸில் ஓட்டை. புதுசு வாங்கி வைத்திருந்தும் இதைத்தான் போடுவான், ராசியாம்.

"வெளிய வாங்க."

"ஒரு போல்ட் பாக்கி."

"வெளிய வாங்கன்னேன்."

பதினைந்து வருஷம் குடும்பம் நடத்தியவனுக்குக் குரலில் எது அவசரம், எது நெருப்பு என்று தெரியாதா? பலகையோடு உருண்டு வெளியே வந்தான். எழுந்திருக்கவில்லை. கிரீஸ் கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு அப்படியே படுத்திருந்தான்.

"நெஜமா?"

"கூட்டம் வந்துருக்குபோல. சத்தம் கேக்குது."

"நெஜமான்னு கேட்டேன்."

"ம்."

"ம்னா?"

"எடுத்தேன்."

அக்கா பக்கத்தில் கிடந்த பழைய டயர் மேல் உட்கார்ந்தாள். புடவை கறுப்பாகும் என்று தெரிந்தே உட்கார்ந்தாள். "எதுக்கு? என் தம்பி பாவம்னா?"

"பாவமா? அவனையா?" நிதானத்துக்குச் சிரிப்பு வந்து போயிற்று. "வெளிப்பக்கமா வந்தான். எனக்கும் டயர் சுவருக்கும் நடுவுல. அங்க ஒரு கார் நுழையற இடமே கிடையாது. அவன் கண்ணுக்கு மட்டும் இருந்துருக்கு. அந்த வளைவுல காலை அழுத்திக்கிட்டே போனா கார் தானா வெளிய தள்ளும். நான் தள்ளினா அவன் சுவத்துல. யோசிக்கல்லாம் நேரமில்ல. கால் தானா மேல வந்துடுச்சு."

"அவன்கிட்ட சொல்லலையே நீங்க."

"எப்ப சொல்றது? காரை நிறுத்தினதும் ஓடி வந்து என்னைத் தூக்கிச் சுத்தினான். மாமா உங்களையே ஜெயிச்சுட்டேன்னு அழறான். அப்ப போய், டேய் நான்தான் விட்டேன்னு சொல்றதா? ஒரு வருஷமா அந்தச் சந்து எப்படித் தெரிஞ்சுது, எப்படி நுழைஞ்சேன்னு சொல்லிச் சொல்லியே சாப்பிடறான். உங்கம்மா ரெண்டு கரண்டி கூடப் போடறாங்க."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"உன்கிட்ட சொன்னா மைக்ல வரும்."

"மைக்ல சொன்னது நீங்க."

 ரிப்பேருக்குக் கிடந்த காரின் பானெட்டை அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கும் அன்னிக்கு ஆசை இருந்துச்சு" என்றான். "நீ மைக்ல கத்துவியே, முதலிடம்னு. அந்த இடத்துல ஒரு தடவையாவது என் பேர் வரணும்னு. அவன் பேரைச் சொல்லி நீ அழுதே. சரி, அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு."

அக்கா முந்தானையால் எதையோ துடைத்தாள். டயர் கறைதான் என்று வைத்துக்கொள்ளலாம்.

"இத்தனை நாள் சொல்லாதவர் முந்தாநாள் எதுக்குச் சொன்னீங்க?"

"காரம் காரம்னு நீதான் விடலை. அலமாரிக்குள்ள இருட்டு வேற. துணிகிட்ட பேசற மாதிரி இருந்துச்சு, உள்ள கிடந்தது வந்துடுச்சு." அவன் எழுந்து உட்கார்ந்தான். "நீ அதைப் போட மாட்டேன்னு நினைச்சேன். கேட்டதும் உனக்குப் புரிஞ்சுடும்னு நினைச்சேன்."

எல்லோருடைய குரலையும் கேட்டு, இது எடுபடும், இது எடுபடாது என்று சொல்லத் தெரிந்தவள் அவள். கட்டின புருஷன் பக்கத்தில் நின்று மனசைத் திறந்தபோது, பிரமாதம், இதையே வச்சுக்கலாம் என்று சொல்லியிருக்கிறாள்.

"நான் பார்த்துக்கறேன்" என்று எழுந்தாள். "இப்பவே மைக்கைப் போட்டு, அது நான் எழுதின வசனம்னு சொல்லிடறேன். தம்பி கப்பு தம்பிகிட்டயே இருக்கட்டும்."

"சொல்லு. இந்தத் தடவை எடுக்க மாட்டேன்னும் அதுலயே சொல்லியிருக்கேனே, அதை என்ன பண்ணுவே? டயர் சுவரை ஒட்டி நாற்காலி போட்டு உட்காரப் போறாங்களாமே. நாளைக்கு நான் எடுத்தா, குடும்பமே சேர்ந்து நாடகம் ஆடிடுச்சும்பாங்க. அடுத்த வாரம் ஒரு காக்காகூட வராது. எடுக்கலேன்னா..."

முடிக்கவில்லை. முடிக்க நேரமும் இல்லை. வெளியே விசில் சத்தம் கிளம்பியது.

தம்பி வந்துகொண்டிருந்தான். ஊர் பார்க்க, நட்டநடு மைதானத்தில். அவனைக் கண்டதும் டிக்கெட் வரிசை உடைந்து, கம்பி வேலி முழுக்க முகங்களாகிவிட்டது. அவசரம் நிதானத்தின் ஷெட்டுக்கே போகிறான். டிக்கெட் வாங்காமலேயே சண்டை.

"விடாதே, அவசரம்" என்று ஒருவன் கத்தினான்.

"நிதானம், ஸ்பேனரை எடு" என்றான் இன்னொருவன், அவன் பங்குக்கு.

அம்மா ஜன்னலைச் சாத்திவிட்டு, செருப்பு ஒரு பக்கம் வழுக்க, வேகமாக வந்து சேர்ந்தாள். "என்னடா இது, ஊர் சிரிக்க? வீட்டுக்கு வந்து பேசுங்கடா. சாப்பாடு ஆறிப்போகுது."

"அம்மா, நீ ஒரு நிமிஷம் இரு" என்றான் தம்பி.

அக்கா அவனுக்கும் புருஷனுக்கும் நடுவில் போய் நின்றாள். வேலிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தணிந்த குரலில் பேசினாள். "தம்பி, நான்தான்டா எழுதினேன். காலையில ஏதோ ஞாபகத்துல மாத்திச் சொல்லிட்டேன். எல்லாம் என் வசனம்தான். சொல்லுங்களேன் நீங்களும்."

"ஆமா மாப்ள" என்றான் நிதானம், தரையைப் பார்த்து. "அவ எழுதினதுதான்."

தம்பி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான். "இவங்க ரெண்டு பேரையும் ஒரு நாடகத்துல போட்டா, முதல் சீன்லயே கல்லெறி விழும்."

அம்மாவுக்கு விஷயம் புரியவில்லை. மகன் சிரிக்கிறானே என்று அவளும் கொஞ்சம் சிரித்தாள். வேலிப் பக்கம் அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு, ஏளனம் பண்றான் பாரு என்று பேசிக்கொண்டார்கள்.

"நான் இப்ப எங்கேர்ந்து வர்றேன்னு கேளுங்க, மாமா. அந்த வளைவுலேர்ந்துதான் வர்றேன். நடந்து போய்ப் பார்த்தேன். சுவருக்கும் டயர் தடத்துக்கும் நடுவுல கையை விரிச்சு நின்னேன். இவ்வளவுதான் இருக்கு." கைகளை விரித்துக் காட்டினான். வேலியில் ஆரவாரம் எழுந்தது. அடிக்கக் கை ஓங்குகிறான் என்று நினைத்துக்கொண்டார்கள். "கார்ல உட்கார்ந்தப்ப அது எனக்கு ரோடு மாதிரி தெரிஞ்சுது. நீங்க விட்ட இடத்தை நான் கண்டுபிடிச்ச இடம்னு ஒரு வருஷமா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறேன்."

"நல்லாத்தான் ஓட்டினே அன்னிக்கு" என்றான் நிதானம்.

"நல்லா ஓட்டினா நீங்க எதுக்கு என்னைக் காப்பாத்தணும்?"

"மாப்ள..."

"கோவம் இல்ல மாமா. காலையில இருந்துச்சு. அங்க நின்னு பார்த்ததும் போயிடுச்சு. பயந்துட்டேன், அதான் நெஜம்." அவன் நெருங்கி வந்து, நிதானத்தின் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த கிரீஸைக் கட்டைவிரலால் துடைத்தான். எத்தனையோ வாரமாக மீறாத சட்டத்தை இரண்டு பேரும் மறந்துவிட்டார்கள். சட்டம் போட்டவளும் மறந்துவிட்டாள். வேலிப் பக்கம் மட்டும் சத்தம் மெல்ல அடங்கியது. இது எந்த மாதிரிச் சண்டை என்று அவர்களுக்குப் பிடிபடவில்லை.

"நாளைக்கு நீ ஓட்டாதே தம்பி" என்றாள் அக்கா. "குடோன் கட்டினாக் கட்டிட்டுப் போகட்டும். கூட்டம் போனாப் போகட்டும். நான் மைக்ல சொல்லிக்கறேன்."

"நீ சொல்ல மாட்டே அக்கா. டிரைவர்கிட்டயே உன்னால சொல்ல முடியல. அவன்தான் எனக்கு போன் பண்ணினான், அக்கா திரும்பக் கூப்பிடவே இல்ல, போடவா வேணாமான்னு." அவன் குரலில் குற்றம் இல்லை. அது இல்லாததுதான் அவளுக்குச் சுருக்கென்றது. "பரவாயில்ல. அவ்வளவு ஜனத்தைப் பார்த்தா எனக்கும் நாக்கு ஒட்டிக்கும்."

அவன் நிதானத்தின் பக்கம் திரும்பினான்.

"நான் ஓட்டத்தான் போறேன் மாமா. நேரா ஓட்டினா உங்களை என்னால முந்த முடியாது, அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த ஒரு வளைவை விட்டா எனக்கு வேற வழி தெரியாது. நாளைக்கும் நான் வெளிப்பக்கமாதான் வருவேன். காலை எடுப்பீங்களா, மாட்டீங்களா?"